முதல் பால்

பக்கத்து வீட்டில் மாடு கன்று போட்டு, ஒரு சொம்பு சீம்பால் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வெல்லத்தைத் தட்டிப் போட்டு, ஏலக்காய் தூவி, இட்லிப் பானையில் வைத்து அவித்துத் துண்டு போடுவீர்கள். அது கன்றின் பங்காச்சே என்பது, தொண்டைக்குள் வழுக்கி இறங்கும்போது யாருக்கும் ஞாபகம் வராது.

கொடைக்கானல் போனால், ஏரிக்கரையில் பிள்ளையைக் குதிரையில் ஏற்றி போட்டோ எடுக்காமல் திரும்ப மாட்டீர்கள். ஆனால், பழனி மலையில் குதிரையின் வேலை டூரிஸ்ட்டைச் சுமப்பது மட்டுமல்ல. ரோடு எட்டிப் பார்க்காத வெள்ளகவி போன்ற கிராமங்களுக்குப் பல தலைமுறையாக அரிசியும் உப்பும் போய்ச் சேர்ந்தது அதன் முதுகில்தான். அங்கே ஒரு குட்டி செத்தால், ஒரு குடும்பத்தின் நாளைய வருமானம் செத்தது என்று அர்த்தம்.

மட்டக்குதிரை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ''குட்டி நல்லாத்தான் சார் விழுந்துச்சு. எந்திரிச்சுப் பாலும் குடிச்சுச்சு. மூணாம் நாள் முட்டி வீங்கிப் படுத்தது, எந்திரிக்கவே இல்லை'' என்றார். கண்ணு பட்டுவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். குட்டி போடுவதற்கு இரண்டு, மூன்று நாள் முன்பே தாயின் மடியிலிருந்து பால் சொட்டிக்கொண்டே இருந்ததாம். 'அட, நல்ல பால் வளம்' என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்.

வில்லங்கம் அந்தச் சொட்டில் இருந்திருக்கலாம்.

மனிதக் குழந்தைக்கு, தாயின் ஆன்டிபாடிகள் வயிற்றுக்குள்ளேயே நஞ்சுக்கொடி வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். குதிரையின் நஞ்சுக்கொடி அதற்கு வழிவிடாது. பதினோரு மாதம் வயிற்றில் இருந்தாலும், பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், குட்டியின் ஓப்பனிங் பேலன்ஸ் கிட்டத்தட்ட பூஜ்யம். சீம்பால்தான் முதல் டெபாசிட். அந்த பேங்க்கும் ஒரே ஒரு நாள்தான் திறந்திருக்கும். முதல் 6 முதல் 8 மணி நேரத்தில் குட்டியின் குடல் ஆன்டிபாடிகளை நன்றாக உறிஞ்சும். 24 மணி நேரத்தில் ஷட்டர் இறங்கிவிடும். சீம்பால் ஒரு முறைதான் சுரக்கும். முன்கூட்டியே சொட்டித் தீர்ந்துபோனால், பிறகு வருவது வெறும் பால். குட்டி வயிறு முட்டக் குடிக்கும், ஆனால் கவசம் இருக்காது.

வைத்தியம் உண்டா? உண்டு. ஆனால், கடிகாரத்தோடு ஓட வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டால், வேறொரு தாய்க்குதிரையின் சீம்பாலை டாக்டர் டியூப் வழியாகக் கொடுப்பார். உறைய வைத்து எடுத்து வைத்த பாலும் உதவும். ஒரு நாள் ஆகும் சமயத்தில் ரத்தப் பரிசோதனை. 100 மில்லி சீரத்தில் ஆன்டிபாடி 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 400-க்குக் கீழே போனால் ஆபத்து. ஷட்டர் இறங்கிய பிறகு வாய்வழி கொடுத்துப் பயனில்லை. ஆரோக்கியமான இன்னொரு குதிரையின் பிளாஸ்மாவை, லிட்டர் கணக்கில் நரம்பில் ஏற்ற வேண்டும்.

இந்த வைத்தியத்துக்கு நாமும் கடன்பட்டிருக்கிறோம். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்பு விஷம் எடுக்கிறார்களே... அந்த விஷத்தைத் துளித்துளியாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் ஊறும் ஆன்டிபாடியைப் பிரித்துத்தான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. பாம்பு கடித்தவரைக் காப்பாற்றுவது யாரோ ஒரு குதிரையின் ரத்தம்.

குதிரை வைத்திருப்பவர் யாரையாவது தெரியுமா? இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பிறந்த குட்டி 1 மணி நேரத்தில் நிற்க வேண்டும், 2 மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்தில் தாய்க்கு நஞ்சு விழ வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் கால்நடை டாக்டருக்கு போன் போக வேண்டும். மடி முன்கூட்டியே சொட்டினால் அப்போதே போக வேண்டும்.

அப்படியே நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. மஞ்சளாக இருக்கிறது என்று முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைக்காதீர்கள். பிறந்த 1 மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் குழந்தை கொஞ்சம் கையிருப்போடுதான் பிறக்கிறது. அதற்காக முதல் டெபாசிட்டைக் கொட்டிவிடலாமா?