வாயில் தெரியாத கோயில்

நமது படிப்பறைச் சுவரில், பழைய நாட்காட்டியினின்று கத்தரித்தெடுத்த ஓவியம் ஒன்று பல ஆண்டுகளாகத் தொங்குகிறது. கருநீல வானின்கீழ் ஒரு கோயில். அதன் முன்னே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்றில் ஒரு பெண் நடந்து செல்கிறாள். கோயிலின் பின்புறமே வரையப்பட்டிருப்பதால் வாயில் தென்படுவதில்லை. 1890 சூனில், பிரான்சின் ஓவேர் சிற்றூரில் இதைத் தீட்டியவர் டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ.

1853இல் சீர்திருத்தசபைப் போதகரின் மகனாகப் பிறந்த அவர், தாமும் போதகராகவே விழைந்தார். இறையியல் பயில ஆம்ஸ்டர்டாமில் முயன்றார். இலத்தீனும் கிரேக்கமும் கைகூடவில்லை. 1879இல் பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஆறு மாதத் தவணையில் நற்செய்திப் பணியாளரானார். நோயாளிகளைப் பேணினார், தம் ஆடைகளை ஈந்தார், குடிசையில் வைக்கோல்மீது உறங்கினார். ஏறத்தாழ 700 மீட்டர் ஆழச் சுரங்கத்துள்ளும் இறங்கினார். தவணை முடிந்ததும், பேச்சுவன்மை போதாதென்று பணி நீட்டிக்கப்படவில்லை. குருமடத்தில் மறையுரைக்குப் பரிசு பெற்ற நமக்கு, இச்செய்தி எப்போதும் நாணமே தருகிறது.

அதன்பின் ஓவியமே அவருக்குப் போதனையாயிற்று. பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 860 எண்ணெய் வண்ண ஓவியங்கள்! மனநோய் அவரை வாட்டியது. 1890 சூலை 29இல், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவராய், 37 வயதில் இறந்தார். ஓவேர் பங்குத்தந்தை, பங்கின் சவவண்டியைத் தர மறுத்தார். அண்டையூரிலிருந்து வண்டி வந்தது. தாம் வரைந்த கோயிலுள் அவர் உடல் நுழையவில்லை.

அக்குருவைப் பழிக்க நமக்குத் தகுதியில்லை. இறந்தவர் கத்தோலிக்கர் அல்லர். அன்றைய திருச்சபை ஒழுங்கும் குருவைக் கட்டியிருந்தது. நமக்கோ அச்சாக்கும் இல்லை. அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலில் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு இத்தகையோரைச் சேர்க்கவில்லை. அவர்களது மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்று 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி ஏடு கூறுகிறது. இவற்றையெல்லாம் கற்றுத் தேறியே நாம் குருவானோம்.

ஆயினும், முதற்பங்கில் இளைஞன் ஒருவன் அவ்வாறு இறந்தபோது, ஊர்வழக்கத்துக்கு அஞ்சினோம். துக்கமணி ஒலிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குழியை மந்திரித்ததோடு சரி. "சாமி, கதவைத் தொறந்தாப் போதும். அஞ்சு நிமிசம் உள்ளே வச்சிட்டு எடுத்துக்கிட்டுப் போயிடுறோம்" என்றார் தந்தை. நாம் மௌனமாயிருந்தோம்.

வின்சென்ட்டைத் தாங்கிய தம்பி தியோ ஆறே மாதத்தில் மறைந்தார். தியோவின் மனைவி யோகன்னா, யாரும் அதிகம் விரும்பி வாங்காத ஓவியங்களைக் காத்து உலகறியச் செய்தார். மடல்களை 1914இல் நூலாக்கினார். அதே ஆண்டில் கணவரின் எலும்புகளை ஓவேருக்குக் கொணர்ந்து அண்ணனருகே அடக்கம் செய்வித்தார். கோயில் செய்யத் தவறிய இரக்கத்தை ஒரு கைம்பெண் செய்தார்.

இறந்தோர் நினைவு நாளாகிய நவம்பர் 2இல், ஒரு முறை அப்பழைய பங்குக்குச் சென்றோம். தந்தை அதே கல்லறையருகே மெழுகுதிரி ஏந்தி நின்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல், தம் திரியிலிருந்து நம் திரியை ஏற்றித் தந்தார்.