தளவானூரில் விடிந்த பொழுது

ஜனவரி 25ஆம் நாள் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் நால்வரும் தாம்பரத்தில் மிதிவண்டி ஏறினோம். மறுநாள், குடியரசு தினத்தன்று, அதே பன்னிரண்டு மணிக்குள் புதுச்சேரியை அடைய வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. நேர்வழியே சென்றால் அத்தனை நேரம் வேண்டியதில்லை. நாங்கள் வகுத்துக்கொண்ட வழியோ காஞ்சிபுரம், ஆரணி, திருவண்ணாமலை, செஞ்சி, தளவானூர், விழுப்புரம், கடலூர் என்று சுற்றி வளைத்து 360 கிலோமீட்டர் செல்வது. "பஸ்ஸுக்குக் காசில்லையா?" என்று வீட்டார் நகைத்தனர். தக்க மறுமொழி எங்களிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆயினும் அந்த 360 என்னும் எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு.

பிரான்ஸ் நாட்டின் சேந்த் எத்தியேன் நகரில் போல் தெ விவீ என்றொருவர் வாழ்ந்தார் (1853–1930). வெலோசியோ என்னும் புனைபெயரில் மிதிவண்டிக்கென ஓர் இதழை நடத்தியவர். மேடேறுவதற்குப் பல்சக்கரங்களை மாற்றிக்கொள்ளும் கியர் முறை பரவப் பாடுபட்டவர். உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் அவரும் நண்பர்களும் தெற்கே புரோவான்சு நாட்டுப்புறத்துக்கு மிதித்துச் செல்வது வழக்கம். அவர் நினைவாக 1947இல் பாரிஸ் சங்கத்தார் ஒரு குழுப் பயணத்தைத் தொடங்கினர். அதற்கு 'ஃபிளெஷ்', அதாவது அம்பு, என்று பெயர். மூவர் முதல் ஐவர் வரை ஒரு குழு. 24 மணி நேரம். குறைந்தது 360 கிலோமீட்டர். எந்த இடத்திலும் இரண்டு மணிக்கு மேல் தங்கலாகாது. முடிவில் மூன்று வண்டிகளேனும் ஒருசேர வந்து சேரவேண்டும்; இல்லையேல் குழு முழுவதும் தோற்றதாகக் கொள்ளப்படும்.

நெடுந்தூர மிதிவண்டிப் பயணங்கள் இப்போது நம் நாட்டிலும் பெருகியுள்ளன. ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் என்னும் அமைப்பு அவற்றை நெறிப்படுத்துகிறது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 300க்கு 20 மணி, 600க்கு 40 மணி என்பது கணக்கு. அவற்றில் ஒவ்வொருவரும் தமக்காகவே மிதிக்கின்றனர், முந்தலாம், பிந்தலாம். ஃபிளெஷ் அத்தகையதன்று. அதனாலேயே நாங்கள் அதை விரும்பினோம். எவரிடமும் பதிவு செய்யாமல், அதன் விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். உயிர்த்த ஞாயிறன்று வீட்டையும் திருப்பலியையும் விட்டு வண்டியேற மனம் ஒப்பவில்லையாதலால், தை மாதக் குளிரில் வந்த விடுமுறை ஒன்றைத் தேர்ந்துகொண்டோம்.

பகற்பொழுதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காஞ்சிபுரத்தில் தேநீர், செய்யாற்றைக் கடக்கையில் மாலை, ஆரணியில் இருட்டு. முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் ஏற்றிக்கொண்டு, ஒளி பட்டால் மின்னும் மேற்சட்டையை அணிந்து வரிசையாய்ச் சென்றோம். முதலில் செல்பவர் காற்றைக் கிழிக்க, பின்னே வருவோர்க்கு உழைப்பு குறையும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முதல்வர் பின்னுக்கு வருவார். வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் கூட்டத்தாருக்கு இம்முறை புதிதன்று. அங்கேயும் கொடி பிடிப்பவர் கை மாறிக்கொண்டேயிருக்கும்.

எங்களில் மூத்தவரை நாங்கள் அண்ணன் என்றே அழைப்போம். வயது ஐம்பத்து நான்கு. தம் முறையை ஒருபோதும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. திருவண்ணாமலையில் நள்ளிரவு தாண்டிச் சிற்றுண்டிக் கடையில் அமர்ந்தபோது, "எனக்கு வேண்டாம்ப்பா, வயிறு நிறைஞ்சிருக்கு" என்று தேநீரோடு நிறுத்திக்கொண்டார். பசிக்குமுன் உண்ண வேண்டும், தாகத்துக்குமுன் பருக வேண்டும் என்பது வெலோசியோ தந்த அறிவுரைகளுள் ஒன்று. அதைப் புறப்படுமுன் எங்களுக்கு எடுத்துச் சொன்னவரே அண்ணன்தான். அப்போதே எங்களுக்கு ஐயம் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. நேரத்தை மிச்சம் பிடித்த மகிழ்ச்சியில் இருந்தோம்.

செஞ்சிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கையில் அவருடைய விளக்கு சாலையில் அங்குமிங்கும் அலையத் தொடங்கிற்று. அழைத்தோம், மறுமொழி தெளிவாக இல்லை. உடலில் சர்க்கரை தீர்ந்துபோனால் கால் மட்டுமன்று, மதியும் தளரும். பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் உடல் தானாகவே உறக்கத்தை நாடும், இரண்டும் சேர்ந்துவிட்டன. மெல்ல உருட்டிக்கொண்டு மூன்று மணிக்குச் செஞ்சிப் பேருந்து நிலையத்தை அடைந்தோம். வெல்லக் கட்டியும் வாழைப்பழமும் கொடுத்துச் சிமெண்டுப் பலகையில் படுக்க வைத்தோம்.

சற்றுத் தெளிந்ததும் அவர் சொன்னார்: "நீங்க மூணு பேர் போங்க. மூணு வண்டி சேர்ந்தாப் போதும்னுதானே விதி? நான் விடிஞ்சதும் பஸ் பிடிச்சுக்கிறேன்."

அவர் சொன்னதில் பிழையில்லை. மூவர் சென்றால் குழு நிலைக்கும். ஒருவர் அவருக்குத் துணையிருந்தால், எஞ்சிய இருவர் குழுவாகார். ஆகவே ஒன்று அவரைத் தனியே அங்கு விடவேண்டும், அல்லது நால்வரும் தங்கவேண்டும், நடுவழி கிடையாது. கையில் அரை மணி நேரம் மிச்சமிருந்தது. ஆறு மாதம் இதற்கெனப் பழகியிருந்தோம். எங்களுள் இளையவர், "அண்ணனே சொல்றாரே" என்று தொடங்கினார். அவரை நாங்கள் குறை கூறமாட்டோம். மற்ற இருவரின் மனத்திலும் அதுவே இருந்தது, வாய்தான் வரவில்லை. சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்பு அந்த இளையவரே தம் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தம் மேற்சட்டையைக் கழற்றி அண்ணன்மேல் போர்த்தினார். அதற்குமேல் அதைப்பற்றிப் பேச்செழவில்லை.

மேற்கே இராஜகிரி கன்னங்கரிய உருவாய் நின்றது. 1597இல் இவ்வூரைக் கண்ட இயேசுசபைக் குரு பிமெந்தா, இந்தியாவில் தாம் பார்த்த பெருநகரங்களுள் ஒன்றாக இதனை வியந்தெழுதினார். 1677இல் சிவாஜி கைப்பற்றியதும், 1690 முதல் 1698 வரை முகலாயர் படை கீழே முற்றுகையிட்டுக் கிடந்ததும் இந்தக் கோட்டையையே. 2025இல் மராட்டியரின் பிற கோட்டைகளோடு சேர்த்து இதனையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. எட்டாண்டு முற்றுகையைக் கண்ட மலையடிவாரத்தில், இரண்டு மணி நேரக் கெடு கடக்கிறதே என்று நாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து மணி ஆயிற்று, கெடு கடந்தது. அண்ணன் உறங்கிக்கொண்டிருந்தார். ஐந்து நாற்பதுக்கு விழித்து, மணி கேட்டார்; சொன்னோம். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இட்டலிக் கடை திறந்திருந்தது. இம்முறை அவர் உண்டு முடிக்கும்வரை எவரும் எழவில்லை.

விழுப்புரம் செல்லும் சாலையை விட்டு விலகித் தளவானூர் செல்லும் கிராமச் சாலையில் திரும்பியபோது வெயில் ஏறவில்லை. சம்பா அறுவடைக் காலம். சாலையிலேயே வைக்கோலைப் பரப்பியிருந்தனர். அது சக்கரப் பல்லில் சுற்றிக்கொள்ளும் என்பதால் இறங்கித் தள்ளினோம். வைக்கோலைப் புரட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "திருவண்ணாமலை சாமி பார்த்துட்டு வர்றீங்களா?" என்று வினவினார். தாம்பரத்திலிருந்து வருகிறோம் என்றோம். "சைக்கிள்லயா? எதுக்கு?" என்றார். வீட்டார் கேட்ட அதே கேள்வி.

ஊர்ப்புறத்தே பஞ்சபாண்டவர் மலை என்னும் பாறைக்குன்று. அதன் தென்முகத்தைக் குடைந்து ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் அமைத்த குகைக்கோயில் இருக்கிறது. சத்ருமல்லன் என்பது அவனுடைய பட்டப்பெயர்களுள் ஒன்று. கோயிலுக்கும் சத்ருமல்லேசுவராலயம் என்று அப்பெயரையே வைத்தான். வடமொழியிலும் தமிழிலும் கல்வெட்டுகள் உள்ளன. தூண்களுக்கு மேலே மகர தோரணம்; இருபுறமும் வாயிற்காவலர். அண்மையிலுள்ள மண்டகப்பட்டிலும் அவனது குகைக்கோயில் உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி அதனை எடுப்பித்ததாக அங்குக் கல்வெட்டில் பொறித்திருக்கிறான். நாங்கள் வணங்கும் முறை வேறாயினும், அத்தனை காலம் பொறுத்து நிற்கும் கல்லின்முன் தலைப்பாகை போன்ற எங்கள் தலைக்கவசங்களைக் கழற்றிக்கொண்டே நின்றோம்.

அண்ணன் பாறையின்மேல் அமர்ந்து காலணிகளை அவிழ்த்தார். "திருவண்ணாமலையிலேயே முடியலைன்னு தெரிஞ்சுது. சொன்னா நீங்க நிறுத்திடுவீங்கன்னு சொல்லலை," என்றார். "நாங்களும் கேட்கலை அண்ணே," என்றார் இளையவர். கிழக்கே வெயில் பனியை விலக்கிக்கொண்டிருந்தது. கீழே வயலில் கதிர் அடிக்கும் பொறியின் ஓசை.

நேரம் குறிக்கும் ஏட்டில் தளவானூருக்கு நேரே 7.15 என்று எழுதினோம். பன்னிரண்டு மணி அடிக்கையில் விழுப்புரத்துக்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். புதுச்சேரியை அடைந்தபோது மாலை நான்கரை. நான்கு வண்டிகளும் ஒருசேர வந்தன; கடைசிப் பத்து நிமிடம் முதலில் மிதித்தவர் அண்ணன்.