முட்டத்துப் பாறையில் ஒரு மாலை

ஜனவரி கடைசி வாரம், முந்தின இரவு

லாங் எக்ஸ்போஷர் கடற்படத்தில் ஷட்டர் அரை விநாடியிலிருந்து சில நிமிடம் வரை திறந்தே இருக்கும். அசையாத பாறை கூர்மையாகப் பதியும். அசைகிற நீர் கோடாகவோ புகையாகவோ மாறும். இதற்கான வேலை கேமராப் பையில் அல்ல, ஓத அட்டவணையில் தொடங்குகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 6 மணி 12 நிமிடம். முட்டம் உள்ள குமரி மாவட்டக் கரையில் நீர்மட்டம் ஒரு மீட்டர் அளவுக்குள்தான் ஏறி இறங்கும். பாறையிடுக்கில் தண்ணீர் புகுந்து வழியுமா, இடுக்கு காய்ந்து கிடக்குமா என்பதை முடிவு செய்ய அது போதும்.

சூரியன் விழும் இடத்தையும் பார்க்க வேண்டும். முட்டத்துக் கரை தென்மேற்கு நோக்கியது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து கடலுக்குள்ளேயே இறங்குகிறது. ஜூனில் வடக்கே விலகிக் கரையை ஒட்டி மறைகிறது. அதோடு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். லென்சில் சாரல் படாமல் ஒரு படம் எடுப்பதே பெரும்பாடு.

கடைசியாக, ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கை. தெற்குப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் பேரலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறுவதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் இதே மாவட்டத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். எச்சரிக்கை இருக்கும் நாளில் பாறைக்கு இறங்கக் கூடாது. இதில் திறமைக்கு இடமில்லை.

மாலை 4.30

கலங்கரை விளக்கம் நிற்கும் மேடு, கீழே செம்மண் சரிவு, அதற்கும் கீழே அலை மோதும் பாறைக்கூட்டம். ‘அலைகள் ஓய்வதில்லை’, ‘கடலோரக் கவிதைகள்’ படங்களில் தமிழ்நாடே பார்த்த கரை இது. கேமராவை வெளியே எடுக்கும் முன் கால் மணி நேரமாவது அலையைப் பார்ப்பது முறை. அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சிறியவை பல வந்தபின் பெரியவை இரண்டு மூன்று சேர்ந்து வரும். பாறையில் எதுவரை ஈரம், எதுவரை பாசி என்று பார்த்தால் கடல் எட்டுகிற எல்லை தெரிந்துவிடும். பாசி படிந்த பாறையில் செருப்பும் நிற்காது, டிரைபாடும் நிற்காது. பையை அந்த எல்லைக்கு மேலே வைத்துவிட வேண்டும்.

மாலை 5.10

டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை அகல விரித்து வைக்கிறார்கள். மணலில் நிறுத்தினால், திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். ஷட்டர் திறந்திருக்கையில் கால் ஒரு மில்லிமீட்டர் புதைந்தாலும் பாறையின் விளிம்பு இரட்டையாகத் தெரியும். அதனால் இனி இறங்காது என்னும் அளவுக்கு முன்கூட்டியே கால்களை அழுத்தி ஊன்ற வேண்டும். காற்றில் ஆடும் கழுத்துப்பட்டையைக் கழற்றுவதும், ரிமோட்டிலோ 2 விநாடி டைமரிலோ ஷட்டரை இயக்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

மாலை 5.30

வெயில் இன்னும் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் எஃப்/11 வைத்தால் ஷட்டர் 1/125 விநாடி காட்டுகிறது. அலை அப்படியே உறைந்துவிடும். எஃப்/22க்குப் போனால் நேரம் கூடும், ஆனால் ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுக்கக் கூர்மை குறையும். இங்கேதான் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் தேவைப்படுகிறது. ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும். 6 ஸ்டாப் ஃபில்டர் நேரத்தை 64 மடங்காக்கி அரை விநாடிக்குக் கொண்டுவரும்; 10 ஸ்டாப் சுமார் 1000 மடங்காக்கி 8 விநாடிக்கு. கறுத்த கண்ணாடி வழியே ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். அதனால் முதலில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, பிறகே ஃபில்டரை மாட்ட வேண்டும். டி.எஸ்.எல்.ஆர். என்றால் வியூஃபைண்டரையும் மூட வேண்டும். இல்லாவிட்டால் பின்பக்க வெளிச்சம் உள்ளே கசியும். மலிவான 10 ஸ்டாப் ஃபில்டர்கள் பலவும் படத்துக்கு ஊதாச் சாயம் ஏற்றுகின்றன. ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் 6 ஸ்டாப் வாங்குவதே புத்திசாலித்தனம்.

மாலை 5.50

எத்தனை விநாடி என்பதில்தான் படம் நிற்கும் அல்லது விழும். 30 விநாடி கொடுத்தால் வந்த அலை, போன அலை, நுரை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெண்புகை ஆகிவிடும். 2 முதல் 4 நிமிடத்தில் மேகமும் இழுபட்டு வானத்தில் கோடு போடும். பார்த்ததும் மயக்குகிற விளைவு இது. எளிதில் கிடைப்பதும் இதுதான். முட்டமா, தனுஷ்கோடியா, மாமல்லபுரமா என்று அந்தப் புகையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அரை விநாடி முதல் 2 விநாடி வரை உள்ள சின்ன இடைவெளியில் கடலின் குணம் தங்குகிறது. அலை பாறையில் ஏறி உச்சியில் ஒரு கணம் தயங்கும். பிறகு இடுக்குகள் வழியே வழியத் தொடங்கும். நுரை நீண்டு நூல் நூலாகப் பிரியும். ஷட்டரை அழுத்த வேண்டியது அந்தத் திரும்புதல் தொடங்கும்போது. ஏறும்போது அழுத்தினால் கலங்கிய வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். வழிகிற நீரோ பாறையின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் கோடிழுத்துக் காட்டும்.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை நேர்மாறு. ஒளிப்படத் தகடுகளின் வேகக் குறைவால் அலை கலங்கிப் பதிவது அன்று தீராத குறை. 1857இல் பிரான்சின் செத் கரையில் குஸ்தாவ் லெ கிரே அலையைத் தெளிவாகப் பிடித்து, கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என இரண்டை இணைத்துப் பிரதி எடுத்தது பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. அன்று ஒழிக்கப் பாடுபட்ட மங்கலுக்குத்தான் இன்று காசு கொடுத்து ஃபில்டர் வாங்குகிறார்கள். அதே மங்கலை நிமிடக் கணக்கிலும், சில இரவுகளில் மணிக் கணக்கிலும் ஃபிலிமில் பதித்து, கறுப்பு வெள்ளையில் தனக்கென ஒரு பாணி கண்டவர் பிரிட்டனில் பிறந்த மைக்கேல் கென்னா. அவர் படங்களில் கம்பமோ வேலியோ மரமோ ஏதேனும் ஒன்று திடமாக நிற்கும். புகை எடுபடுவது அதனால்தான்.

மாலை 6.25

சூரியன் மறைந்ததும் கூட்டம் கலைகிறது. நல்ல வெளிச்சம் இனிமேல்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒளி பாதியாகக் குறையும். 6.40 வாக்கில் ஃபில்டர் இல்லாமலே ஒரு விநாடி கிடைக்கும், 6.50க்குள் 8 விநாடி வரை போகும். 30 விநாடியைத் தாண்டினால் பெரும்பாலான கேமராக்களில், ஷட்டரை நாமே திறந்து மூடும் பல்ப் முறைக்கு மாற வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் முன் ஃபில்டரையும் லென்சையும் டார்ச் வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு துளி சாரல் காய்ந்தாலும் ஒளிவட்டமாகப் பதிந்து, கணினியில் நீக்குவதும் கடினமாகிவிடும். இருட்டிய பின் பாறையில் நிற்க வேண்டாம். ஈர எல்லை கண்ணுக்குத் தெரியாது.

இரவு 8.00

கேமராவை ஈரத்துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். டிரைபாட் கால்களைக் கழற்றி, திருகுகளோடு நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உப்பு பூட்டுகளில் இறுகிவிடும். கடலோரத்தில் டிரைபாட் கெடுவது பெரும்பாலும் அலையால் அல்ல, இந்தச் சோம்பலால்தான்.