மிடற்றில் இருந்த ஒன்பது நாட்கள்

என் வாய்மொழித் தேர்வு ஏன் தள்ளிப்போயிற்று என்று பலர் உட்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். தேர்வு முடிந்துவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு நிமோனியா கண்டு, ஹைதராபாத் மருத்துவமனையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாட்கள் வென்டிலேட்டரில் இருந்தேன். குழாயை அகற்றிய அன்று செவிலியர் குனிந்து, "மீ பேரு செப்பண்டி" என்றார். பெயரைச் சொன்னேன். காற்று மட்டுமே வந்தது.

என் ஆய்வு தமிழ் வல்லெழுத்துகளைப் பற்றியது. 'பட்டம்' என்பதன் முதலில் நிற்கும் பகரம் அதிர்வின்றிப் பிறக்கிறது. 'தம்பி' என்பதில் மகரத்தை அடுத்து வரும் பகரமோ குரல்நாண்களின் அதிர்வோடு பிறக்கிறது. அந்த அதிர்வை நான்காண்டுகள் அளந்தவனின் தொண்டையில் இப்போது அதுவே இல்லை. தொல்காப்பியப் பிறப்பியல் மிடற்றை ஒலி பிறக்கும் இடங்களுள் ஒன்றாக வைப்பதை எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அம்மிடறு புண்படக்கூடிய சதை என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

வாய்வழி இறக்கும் சுவாசக்குழாய் இரு குரல்நாண்களுக்கு இடையே புகுந்துதான் மூச்சுக்குழலை அடைய முடியும். அதன் அழுத்தம் பெரிதும் குரல்வளையின் பின்புறத்தில், நாண்களைத் திறந்து மூடும் சிறு குருத்தெலும்புகளின் மேல் விழுகிறது. அங்குள்ள சவ்வு மெல்லியது. நாட்கணக்கில் அழுந்தினால் புண்ணாகும். ஆறும்போது சிலருக்குச் சதை வளர்கிறது. சிலருக்கு வடு இறுகி, நாண்கள் விலகாமல் மூச்சே முட்டுகிறது. அந்தக் குழாய் இல்லையேல் நானும் இல்லை; இதை மறக்கவில்லை.

வீடு திரும்பும்போது தந்த குறிப்பில் நுரையீரல், சிறுநீரகம், இரத்த அளவுகள் யாவும் இருந்தன. குரலைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்டதற்கு, "தானாக வந்துவிடும்" என்றார்கள். பலருக்கு வந்துவிடுவதும் உண்மையே. உயிரைக் காத்தவர்களிடம் குரலையும் கேட்டு நிற்க எனக்கும் கூச்சமாயிருந்தது. ஆறு வாரம் கிசுகிசுத்தே காலம் தள்ளினேன். அது தொண்டைக்கு ஓய்வென்று நம்பினேன். ஒலியியல் படித்தவனுக்கு இது வெட்கக்கேடு. இறுக்கிக் கிசுகிசுப்பதும் குரல்வளைக்கு உழைப்பே.

பாளையங்கோட்டையில் இருக்கும் ஆச்சியிடம் என் நோயை மறைத்திருந்தார்கள். ஒருநாள் தொலைபேசியில் அழைத்தேன். "யாரு பேசுதிய?" என்றாள். என்னை ஒருமையிலன்றி அழைத்தறியாதவள். மறுநாளே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றேன்.

மூக்கின் வழியே செலுத்திய சிறு கேமரா, இடப்புறக் குருத்தெலும்பின் மேல் பட்டாணி போன்ற சதைத்திரளைத் திரையில் காட்டியது. குழாய் வைத்தவர் இவ்வளவு நாள் காத்திருக்கலாகாது என்று மருத்துவர் கடிந்துகொண்டார். 1854இல் கண்ணாடிகளின் உதவியால் தம் குரல்வளையைத் தாமே கண்ட மானுவேல் கார்சியா மருத்துவரல்லர், இசை ஆசிரியர் என்பது அப்போது ஏனோ நினைவுக்கு வந்தது.

அறுவை வேண்டியிருக்கவில்லை. அமிலம் குறைக்கும் மருந்தும் பேச்சுப் பயிற்சியும் போதுமாயின. குவளை நீரில் உறிஞ்சுகுழலை இட்டுக் குமிழிகள் எழ 'ஊ' என்று ஒலிக்க வேண்டும்; விடுதி அறைத்தோழர் சிரிப்பார். முதல் நாள் 'ஆ' ஐந்து நொடியில் அறுந்தது. நான்காம் மாதம் பதினாறு நொடி நின்றது.

தேர்வில் ஒலிவாங்கி கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு இடங்களில் குரல் உடைந்தது, புறத்தேர்வாளர் பொறுத்திருந்தார். அன்று மாலை ஆச்சியை அழைத்தேன்.

"ஏல ஐயா, சளி புடிச்சிருக்கா?" என்றாள்.