வெள்ளை எலிகள் கற்பித்தவை

டில்லியில் குடியேறிய எங்கள் இல்லத்தில் ஏழாண்டுகளாக வெள்ளை எலிகளை வளர்த்து வருகிறோம். ‘எலிக்குப் பொறி வைப்பார் உண்டு, கூண்டமைத்துப் பேணுவாரும் உளரோ?’ என நகைக்கும் நண்பர்களுக்காக இச்சில சொற்கள்.

எலி கூடி வாழும் உயிர், தனித்திருப்பின் சோர்வுறும். ஆதலின் இரண்டேனும் வேண்டும். இரண்டும் ஒரே பாலாயிருத்தல் நன்று. கருவுற்ற 22 நாட்களில் பத்துக் குட்டிகள்கூடப் பிறக்கலாம். அவை 5 வாரத்திலேயே பருவமெய்தக்கூடும். ஆகவே அதற்குள் ஆண்களையும் பெண்களையும் பிரித்துவிடுகிறோம். சிறுநீரின் நெடி அவற்றின் மூச்சைக் கெடுக்கும். எனவே விரிப்பை அடிக்கடி மாற்றுகிறோம். எலியால் வாந்தியெடுக்க இயலாது. கெட்ட உணவு உள்ளே சென்றால் வெளிவர வழியில்லை. பழையதை ஒருபோதும் இடுவதில்லை.

இவையெல்லாம் எளிய பாடங்கள். கடினமானது ஒன்றுண்டு. எலியின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகளே. பிள்ளைகள் பெயரிட்டு வளர்த்தது, அவர்கள் மூன்று வகுப்பு ஏறுமுன் மறைந்துவிடுகிறது. ‘இனி வேண்டாம்’ என அழுத பிள்ளைகளே, இணையை இழந்து மூலையில் ஒடுங்கிய முதிய எலியைக் கண்டதும், அதற்கொரு துணை வேண்டுமென்கின்றனர். புதியதைத் தனிக் கூண்டில் அருகே வைத்து, மணம் பழகிய பின்னரே ஒன்றுசேர்க்கிறோம். சொந்த ஊரைப் பிரிந்து வாழும் நம் பிள்ளைகளுக்கு, துணையின் அருமையை இதனினும் தெளிவாக நாங்கள் சொல்லித் தந்திருக்க இயலாது.