‘மொக்கை’ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!



இந்த மாதச் சுவரிதழுக்கு ஒரு கட்டுரை கேட்டப்போ தமிழ் ஐயா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். “உனக்கு நல்லாத் தெரிஞ்சதை எழுது. கூகுள்ல பார்த்து எழுதினா கிழிச்சிடுவேன்.” எனக்கு நல்லாத் தெரிஞ்சது சினிமாவும் டி.வி.யும்தான்! (ஐயா, நீங்கதான் சொன்னீங்க. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது!)

நம்ம வகுப்புல திங்கட்கிழமை காலையில பிரேயர் மணி அடிக்கிறதுக்குள்ள ஒரு கோர்ட்டே நடக்கும். சனி, ஞாயிறுல பார்த்த படங்களுக்கெல்லாம் தீர்ப்பு சொல்ற கோர்ட். மொத்தமே நாலு தீர்ப்புதான்: ‘மாஸ்’, ‘செம’, ‘வேற லெவல்’, ‘மொக்கை’. ரெண்டரை மணி நேரம் ஓடுற படத்துக்கு அரை நிமிஷத்துல தீர்ப்பு! அதுலயும் சில பேர் படத்தைப் பார்க்கிறதே இல்லை. செல்போன்ல ரீல்ஸ்ல வந்த ரெண்டு சீனைப் பார்த்துட்டு மூணாவது தீர்ப்பு கொடுத்துடுவாங்க. இன்னும் சில பேர் வேகத்தைக் கூட்டி ஓட்டி, பாட்டைத் தள்ளி, சோக சீனைத் தள்ளி, முக்கால் மணி நேரத்துல முடிச்சிட்டு “கதையே இல்லைடா”ன்னு சொல்லுவாங்க. கதையைத் தள்ளிவிட்டதே அவங்கதான்!

எங்க தாத்தா காலத்துல ஆனந்த விகடன் விமர்சனத்துல படத்துக்கு நூற்றுக்கு இத்தனைன்னு மார்க் போடுவாங்களாம். 1977ல வந்த ‘16 வயதினிலே’ படத்துக்கு 62½ போட்டாங்களாம். அந்த அரை மார்க்கைத் தாத்தா இன்னும் ஞாபகம் வச்சிருக்கார். யோசிச்சுப் பாருங்க, அரை மார்க் குறைக்கவோ கூட்டவோ எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியிருப்பாங்க! நாம அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஆனா சமீபத்துல நான் பார்த்த சிலதைப் பத்தியும், அதைப் பார்த்தப்போ என்கூட இருந்தவங்க சொன்னதைப் பத்தியும் எழுதலாம்னு நினைக்கிறேன்.

1. சில்ரன் ஆஃப் ஹெவன்

அரசுப் பள்ளிகள்ல சிறார் படம் திரையிடுற திட்டம் 2022ல ஆரம்பிச்சது உங்களுக்குத் தெரியும். நம்ம ஹால்ல போட்ட படங்கள்ல எனக்கு மறக்காதது இதுதான். 1997ல வந்த ஈரான் நாட்டுப் படம். இயக்கியவர் மஜித் மஜிதி. அண்ணன் அலி, தங்கச்சி ஸாரா. தைக்கக் கொடுத்த தங்கச்சியோட ஷூவை அலி தொலைச்சிடுறான். அப்பாகிட்ட சொன்னா புது ஷூ வாங்கப் பணம் இருக்காது. அதனால ரெண்டு பேரும் ஒரே ஷூவை மாத்தி மாத்திப் போட்டுக்கிறாங்க. அவளுக்குக் காலையில பள்ளிக்கூடம், அவனுக்கு மதியம். அவ ஓடி வந்து கழட்டிக் கொடுக்கணும், இவன் மாட்டிக்கிட்டு ஓடணும்.

படம் ஆரம்பிச்சப்போ “பாஷையே புரியலை, பாட்டு இல்லை, சண்டை இல்லை”ன்னு ஒரே சத்தம். கடைசியில ஓட்டப்பந்தயம். மூணாவது பரிசுதான் ஷூ. அதனால அலிக்கு மூணாவதா வரணும். ஆனா முதலாவதா வந்துடுறான். நம்ம ஹாலே கைதட்டி விசில் அடிச்சுது. அப்புறம் அலியோட முகத்தைக் காட்டினாங்க. அவன் அழறான். கைதட்டினது ஒவ்வொண்ணா நின்னு போச்சு. முதல் பரிசு வாங்கினவன் ஏன் அழறான்னு எட்டாம் வகுப்புத் தம்பிகளுக்குக்கூடப் புரிஞ்சுடுச்சு. பாஷை தெரியாத படம்தானே அது?

என் மார்க்: 90. (பத்து மார்க் குறைச்சது, ஷூ கிடைச்சதும் அவங்க ரெண்டு பேரும் எப்படிச் சந்தோஷப்பட்டாங்கன்னு காட்டாததுக்கு!)

2. எதிர்நீச்சல்

“பையன் சீரியல் பார்க்கிறானா?”ன்னு சிரிக்காதீங்க. ராத்திரி 9.30 மணிக்கு எங்க வீட்ல வேற சேனல் வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. 2022ல இருந்து 2024 வரை சன் டி.வி.யில ஓடின தொடர். திருச்செல்வம் இயக்கினது. படிச்ச பெண்களை மருமகளாக் கொண்டுவந்து அடுப்படியிலேயே நிக்க வைக்கிற ஒரு வீடு. அந்த வீட்டுக்கு ராஜா மாதிரி ஆதி குணசேகரன்.

எங்க அப்பாவோட தீர்ப்பு: “அழுகாச்சி நாடகம்.” எங்க அப்பாயியோ குணசேகரன் வந்தாலே டி.வி.யைப் பார்த்துத் திட்ட ஆரம்பிச்சிடும். அந்த வேஷத்துல நடிச்ச மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்னிக்கு மாரடைப்புல இறந்துட்டார். செய்தி வந்ததும் அப்பாயி அன்னிக்குச் சாப்பிடவே இல்லை. “நல்ல மனுஷன, தினம் தினம் வைஞ்சுபுட்டேனே”ன்னு புலம்பிக்கிட்டே இருந்துச்சு. ஒரு நடிகருக்கு இதைவிடப் பெரிய விருது இருக்கான்னு எனக்குத் தெரியலை.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்லை. எங்க அம்மா தன்னைப் பத்தி எதுவுமே பேச மாட்டாங்க. இந்தத் தொடர் ஓடினப்போ விளம்பர இடைவேளையில மட்டும் கொஞ்சம் கொஞ்சமாப் பேசுவாங்க. பத்தாம் வகுப்புல கணக்குல 94 மார்க் வாங்கினது, டீச்சர் டிரெய்னிங் சேர ஆசைப்பட்டது, பாரம் வாங்க பஸ்ஸுக்குக் காசு கேட்டப்போ வீட்ல “போதும் படிச்சது”ன்னு சொன்னது… இதெல்லாம் சோப்பு விளம்பரத்துக்கும் டீத்தூள் விளம்பரத்துக்கும் நடுவுல நான் தெரிஞ்சுக்கிட்டது. விளம்பரம் முடிஞ்சு நாடகம் ஆரம்பிச்சா அம்மா கதை நின்னுடும். சில நாள், விளம்பரம் இன்னும் கொஞ்ச நேரம் ஓடக் கூடாதான்னு நினைச்சிருக்கேன்!

என் மார்க்: நாடகத்துக்கு 55. (இழுவை ஜாஸ்தி.) விளம்பர இடைவேளைக்கு 100.

3. காக்கா முட்டை

2015ல மணிகண்டன் இயக்கத்துல வந்த படம். நான் டி.வி.யில இப்போதான் முழுசாப் பார்த்தேன். தண்டவாளத்து ஓரமா நிலக்கரி பொறுக்கி வித்து, 299 ரூபாய் பீட்ஸாவுக்குக் காசு சேர்க்கிற ரெண்டு பசங்க. காசு சேர்ந்துடுது. ஆனா கடைக்குள்ள விட மாட்டேங்கிறாங்க. சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது வாங்கின படம். அந்த ரெண்டு பசங்களுக்கும்கூட விருது கிடைச்சுது.

அந்தப் படத்துல பாட்டி, பீட்ஸா நோட்டீஸைப் பார்த்து தோசைக்கல்லுல ஒண்ணு சுட்டுக் கொடுக்கும். ஆறாம் வகுப்பு படிக்கிற என் தங்கச்சியோட விமர்சனம்: “காசு இருந்தாலும் உள்ள விடலைன்னா, அப்ப காசு மட்டும் பத்தாதா?” அவ்வளவுதான். நான் ஒரு பக்கம் எழுதினாலும் இதைவிட நல்லா எழுத முடியாது.

என் மார்க்: 85. தங்கச்சிக்கு 95.

4. லப்பர் பந்து

2024ல வந்தது. தமிழரசன் பச்சமுத்து இயக்கம். இதைப் பத்தி நம்ம பசங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஹரிஷ் கல்யாணும் அட்டகத்தி தினேஷும் கிரவுண்டுல மோதிக்கிறதைப் பார்த்துட்டு நம்ம ஊர்ப் பசங்க ஒரு மாசம் பேட்டைக் கீழ வைக்கலை. கிரிக்கெட் படம்னு போனா, உள்ளே வேற விஷயம் இருக்கு. நல்லா ஆடத் தெரிஞ்சவனைச் சாதியைப் பார்த்து டீமுக்குள்ள விடாம வச்சிருக்காங்க. காக்கா முட்டையில கடைவாசல், இதுல கிரவுண்டு. ரெண்டுலயும் வெளியே நிக்கிறவன் ஒருத்தன் இருக்கான். ஆனா இதுல சிரிக்க வச்சுக்கிட்டே சொல்றாங்க.

என் மார்க்: 88.

5. வாழை

இப்போதான் முக்கியமான இடத்துக்கு வர்றேன். இதுவும் 2024ல வந்ததுதான். மாரி செல்வராஜ் தன்னோட சின்ன வயசு அனுபவத்தை வச்சு எடுத்த படம். வாரத்துல அஞ்சு நாள் பள்ளிக்கூடம், லீவு நாள்ல அம்மா, அக்காகூட வாழைத்தார் சுமக்கப் போற ஒரு பையன். பேரு சிவனைந்தன். ரஜினி ரசிகன். அவன் கூட்டாளி கமல் ரசிகன். ரெண்டு பேரும் போடுற சண்டைக்கு நல்லாச் சிரிக்கலாம். படம் முடியும்போது சிரிக்க முடியாது. முடிவை நான் சொல்ல மாட்டேன்.

நம்ம ஊரு காவிரிக்கரை ஊரு. சுத்திலும் வாழைதான். பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளின்னு தாரைப் பார்த்தே சொல்லிடுவோம். ஆனா திங்கட்கிழமை கோர்ட்டுல இந்தப் படத்துக்குக் கிடைச்ச தீர்ப்பு என்ன தெரியுமா? “ஒரே அழுகைடா. மொக்கை.” இன்னொருத்தன், “டீச்சர் வர்ற சீன் மட்டும் ஓகே.” மூணாவது ஆளு, “இருபது நிமிஷம் பார்த்தேன், தூங்கிட்டேன்.”

அப்போ ஒருத்தன் மட்டும் ஒண்ணுமே பேசாம நோட்டுக்கு அட்டை போட்டுக்கிட்டு இருந்தான். அவன் லீவு நாள்ல வாழைத் தோப்புக்கு வேலைக்குப் போறவன். அன்னிக்கு மதியம் தட்டு கழுவுற இடத்துல அவன்கிட்ட, “நீ பார்த்தியாடா?”ன்னு கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுறேன்.

“பாதி பார்த்தேன். எனக்கும் போர்தான். தார் தூக்குறதை நான் வாரா வாரம் பார்க்கிறேன், அதை எதுக்குடா டி.வி.யில வேற பார்க்கணும்? எனக்கு லப்பர் பந்துதான் பிடிச்சிருந்துச்சு.”

எனக்கு என்ன பேசுறதுன்னு தெரியலை. அவனே கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னான். “தூக்குறதுகூடப் பெரிசு இல்லை. சும்மாடு சரியா இருந்தா தலை வலிக்காது. தண்ணி பாய்ச்சின தோப்புல வழுக்காம நடக்கணும் பாரு, அதான். அப்புறம் அந்தப் பால். சட்டையில பட்டா கறை போகவே போகாது. அதுக்குத்தான் யூனிபார்ம் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போக மாட்டேன்.”

நண்பர்களே, இதை யோசிச்சுப் பாருங்க. இருபது நிமிஷத்துல தூங்கினவனும் ‘போர்’னு சொன்னான். இவனும் ‘போர்’னு சொன்னான். வார்த்தை ஒண்ணுதான், அர்த்தம் ஒண்ணா? ஒருத்தனுக்கு அது தெரியாத வாழ்க்கை, அதனால போர். இன்னொருத்தனுக்கு அது தினமும் இருக்கிற வாழ்க்கை, அதனால போர். ‘ஏன்டா?’ன்னு ஒரு வார்த்தை கேட்கலைன்னா ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க.

‘மொக்கை’ன்னு சொல்லவே கூடாதுன்னு நான் சொல்லலை. பிடிக்காத படத்தைப் பிடிக்கலைன்னு சொல்ல எல்லாருக்கும் உரிமை இருக்கு. விருது வாங்கின படமா இருந்தாலும், பெரிய ஹீரோ படமா இருந்தாலும் சரி. கஷ்டத்தைக் காட்டுற படம் எல்லாம் நல்ல படம்னும் நான் சொல்லலை. கஷ்டப்படுறவன் கஷ்டப் படத்தைத்தான் பார்க்கணும்னு சட்டமும் இல்லை. அவனும் நம்மளை மாதிரி சிக்ஸர் பார்த்து விசில் அடிக்கத்தான் ஆசைப்படுவான். ஆனா நாம சத்தமாச் சொல்ற தீர்ப்பு, நமக்குப் பக்கத்துப் பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவன் காதுலயும் விழுது. அந்தப் படம் அவனோட ஞாயிற்றுக்கிழமையா இருக்கலாம். அந்த ‘அழுகாச்சி நாடகம்’ உங்க அம்மாவோட பதினாறாவது வயசா இருக்கலாம்.

இன்னொரு விஷயம். இதைச் சுவரிதழ்ல எழுதலாமான்னு அவன்கிட்டயே கேட்டேன். “பேரு மட்டும் போடாத. கறை மேட்டரை எழுது. வாரா வாரம் சட்டை அழுக்குன்னு பி.டி. சார் திட்டுறாரு, அவராவது படிக்கட்டும்”னு சிரிச்சான். அவன்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு யூனிபார்ம் சட்டைதான். அதைத் துவைச்சுக் காயப்போடுற அன்னிக்கு வேற சட்டை போட்டுக்கிட்டு வருவான். பி.டி. சார், நீங்க படிச்சிட்டீங்கன்னு நினைக்கிறேன்.

‘வாழை’க்கு என் மார்க்: போடலை. அதுக்கு மார்க் போட வேண்டியவன் நான் இல்லைன்னு தோணுச்சு.

கடைசியா ஒரு வேண்டுகோள். இந்தச் சுவரிதழுக்குப் பக்கத்துல ஒரு வெள்ளை சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கேன். நூல்ல பேனாவும் கட்டித் தொங்க விட்டிருக்கேன். (தயவு செஞ்சு பேனாவை எடுத்துக்கிட்டுப் போயிடாதீங்க. ஏற்கெனவே ஒண்ணு காணாமப் போச்சு!) நீங்க கடைசியாப் பார்த்த படம் அல்லது தொடர் பேரை எழுதுங்க. பிடிச்சுதா, பிடிக்கலையான்னு எழுதுங்க. அதுக்குப் பக்கத்துல ‘ஏன்’னு ஒரே ஒரு வரி எழுதுங்க. ஆசிரியர்களும் எழுதலாம். நீங்க என்ன சீரியல் பார்க்கிறீங்கன்னு தெரிஞ்சுக்க எங்களுக்கு ரொம்ப ஆசை!

மாஸ், செம, வேற லெவல், மொக்கை: இந்த நாலு வார்த்தைக்கும் அந்த பேப்பர்ல அனுமதி கிடையாது.



– பதினோராம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவன்