மூன்று பாகத்தில் நூந்த டோர்ச்



கொஞ்சம் நீளமான பதிவு. தண்ணீருக்குள் பாவிக்கிற டோர்ச் வாங்குவது பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் அதற்கு முதல் ஒரு பொடியனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அவனைப் பற்றிய கதை ஊர் முழுக்கப் பேசப்பட்டது. அதனால் இதையும் ஊருக்கு முன்னால் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் கவிழ்ந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. அந்த நாட்களுக்குப் பிறகு எங்கட பக்கத்துப் பொடியன்மார் சிலர் ஒன்றுசேர்ந்து, தண்ணீரில் யாரும் காணாமல் போனால் தேடப் போவதற்கு ஆயத்தமானார்கள். சுழியோடத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அதில் ஒருவன் என்னிடம் படித்தவன். பாசிக்குடாப் பக்கம் வேலை செய்யப் போய், அங்கே சிலிண்டர் போட்டுச் சுழியோடப் பழகி வந்தவன். கயிறு, லைஃப் ஜெக்கட் எல்லாம் ஒவ்வொருவர் தந்தார்கள். டோர்ச் மட்டும் இல்லை. ஜும்ஆவுக்குப் பிறகு கொஞ்சம் காசு சேர்ந்தது. "சேர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், அவரே பார்த்து வாங்கட்டும்" என்று அந்தக் காசை என் கையில் தந்தார்கள்.

அமானிதக் காசு என்றால் எனக்கு ஒரு பயம். கூடச் செலவழித்துவிட்டேன் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. சுழியோடிகளுக்கென்றே செய்த டோர்ச்சின் விலை ஒன்றுக்கு இருபதாயிரத்துக்கு மேல் இருந்தது. கடையில் வேறொன்று 3,800 ரூபா. பெட்டியில் 'வோட்டர்புரூஃப்', 'ஐபி 68', '50,000 லுமென்' என்றெல்லாம் அச்சடித்திருந்தது. ஒன்றுக்குப் பதில் மூன்று வாங்கலாம், காசும் மிஞ்சும். மூன்று வாங்கினேன். வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் எரிய விட்டு இரவு முழுக்க வைத்தேன். காலையில் மூன்றும் பளிச்சென்று எரிந்தன. அதை வீடியோ எடுத்து குரூப்பிலும் போட்டேன். பார்த்திருப்பீர்கள்.

போன ஜனவரியில் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு அழைப்பு வந்தது. மண் அகழ்ந்து விட்ட குழி ஒன்றில் குளிக்கப் போன பக்கத்து ஊர் வாலிபர் ஒருவர் மேலே வரவில்லை. அந்தக் குழி இருபது அடிக்குக் கிட்ட ஆழம். நாங்கள் போகும்போது கரை நிறையச் சனம். அவருடைய உம்மா ஒரு கதிரையில் இருந்தார். யாரோ கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் கதிரை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

பொடியன் இறங்கினான். நான்கு நிமிடத்தில் மேலே வந்தான். "லைட் நூந்துட்டு சேர். என்ட கையே எனக்குத் தெரியல்ல" என்றான். அவன் கையில் டோர்ச் எரிந்துகொண்டிருந்தது. நான் அதை வாங்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மறுபடி இறங்கினான். மறுபடி வந்தான். அதே பேச்சு. கையில் அதே வெளிச்சம். மூன்றாம் முறை வந்தபோது கரையில் இருந்து ஒருவர், "இப்ப எரியுதுதானே தம்பி, பயமெண்டா பயமெண்டு சொல்லு" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன். இருட்டுத் தண்ணீர், உள்ளே ஒரு மையித், இருபத்திரண்டு வயதுப் பொடியன். பயப்படுவது வெட்கமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் பயந்துவிட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வெளிச்சம் இல்லாமல் இரவில் ஆளை இறக்க முடியாது என்று தேடலை நிறுத்தினோம். சுபஹுக்குப் பிறகு வேறு இடத்திலிருந்து வந்த சுழியோடிகள் ஜனாஸாவை எடுத்தார்கள். அந்த உம்மா இரவு முழுக்கக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

பொடியன் அதற்குப் பிறகு குரூப்பை விட்டு விலகிவிட்டான். நான் ஏனென்று கேட்கவில்லை.

சித்திரை மாதம் கணக்கு ஒப்படைக்கச் சொன்னார்கள். பொருட்களையும் கொடுக்க வேண்டும் என்பதால், கொடுக்க முதல் டோர்ச்சுகளை ஒருக்கால் கடலில் இறக்கிப் பார்ப்போமே என்று தோன்றியது. தண்ணீர் போகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். தெரிந்த காக்கா ஒருவர் இரவில் வலை வைக்கப் போகும்போது அவருடைய போட்டில் ஏறினேன். அந்த மாதம் நம்மட கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும், தெரியும்தானே. டோர்ச்சை எரிய விட்டு, ஒரு வலைத்துண்டில் ஈயத்தோடு கட்டி, கயிற்றில் இறக்கினோம். காக்கா பாகக் கணக்கில் கயிறு விட்டார். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. ஒரு பாகம், வெளிச்சம் தெரிந்தது. இரண்டு பாகம், பச்சையாகத் தெரிந்தது. மூன்று பாகம் வந்ததும் நூந்தது.

"போச்சு, தண்ணி போயிட்டு" என்றார் காக்கா. இழுத்தார். இரண்டு பாகத்துக்கு மேலே வந்ததும் தானாக எரிந்தது.

மறுபடி விட்டோம். நூந்தது. இழுத்தோம். எரிந்தது. நான் கயிற்றை வாங்கி நானே ஏழெட்டுத் தரம் செய்தேன். காக்கா என்னைப் பார்த்துவிட்டு, "என்ன சேர், கை நடுங்குது?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து டோர்ச்சைக் கழற்றினேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிழை பின்பக்கத்துப் பொத்தானில் இருந்தது. ரப்பர் மூடிய பொத்தான். அதை 'டிக்' என்று முழுக்க அமுக்காமல் பாதி அமுக்கினால் வெளிச்சம் போகும், விட்டால் வரும். உங்கள் வீட்டு டோர்ச்சிலும் செய்து பார்க்கலாம். இந்தப் பொத்தானின் ரப்பர் குறுக்கே 13 மில்லிமீற்றர். மூன்று பாகம் என்பது ஐந்தரை மீற்றர். பத்து மீற்றர் தண்ணீர் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பாரம் கொடுக்கும். அப்படியானால் ஐந்தரை மீற்றரில் அந்தப் பொத்தான் மேல் 700 கிராமுக்குக் கொஞ்சம் கூட. சமையலறைத் தராசில் டோர்ச்சைக் கவிழ்த்து வைத்து மெதுவாக அமுக்கினேன். 650ஐத் தாண்டியதும் நூந்தது.

கீழே பொடியன் கையில் இருந்த டோர்ச்சைத் தண்ணீரே அமுக்கி நூத்தது. மேலே வரும்போது தண்ணீரே விட்டது. எங்களுக்கு முன்னால் அது எரியாமல் என்ன செய்யும்? நான் பத்தாம் தரத்துக்கு ஒவ்வொரு வருடமும் அமுக்கம் பாடம் எடுக்கிறவன். ஆழம் கூடக் கூட அமுக்கம் கூடும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவன். வாளியின் ஆழம் ஒரு அடி.

தம்பி, அன்று நீ சொன்னது முழுக்க உண்மை. அந்த இருட்டுக்குள் நீ மூன்று தரம் இறங்கினாய். நூரும் என்று தெரிந்துகொண்டே இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் இறங்கினாய். சிரித்தவர்களும் இதைப் படிக்கட்டும்.

இனி டோர்ச் விடயம். வேறு ஊர்களிலும் இப்படி வாங்கப் போகிறவர்கள் இருப்பதால் நான் பட்டதைச் சொல்கிறேன்.

'ஐபி 68' என்றால் 68 மீற்றர் என்று நினைக்கிற ஆட்கள் நம்மில் இருக்கிறார்கள். எங்கட குரூப்பிலேயே ஒருவர் அடித்துச் சொன்னார். முதல் இலக்கம் 6 தூசுக்கு. இரண்டாவதுதான் தண்ணீருக்கு. அது 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம். 8 என்றால் அதை விடக் கடுமையான சோதனை, ஆனால் எத்தனை மீற்றர், எவ்வளவு நேரம் என்பதை உற்பத்தி செய்தவர்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் 68 என்று மட்டும் போட்டிருந்தால் சுழியோடுகிறவனுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. அதிலும் அது தண்ணீர் உள்ளே போகுமா என்கிற கதை. பொத்தான் வேலை செய்யுமா என்று அந்த இலக்கத்தில் எங்கும் இல்லை. மூன்றில் இன்னொன்றும் இதே போல நூந்தது. மற்றது நான்கு பாகம் வரை எரிந்து, ஐந்தில் தண்ணீர் குடித்தது.

லுமென் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். காரின் சாதாரண ஹெலஜன் ஹெட்லைட் ஒன்று சுமார் 1,000 லுமென். கைக்குள் அடங்குகிற சாமான் அதைப் போல ஐம்பது மடங்கு என்றால் நீங்களே யோசியுங்கள். பெட்டரியும் அப்படித்தான். கூட வந்த 18650 பெட்டரியில் 9,900 மில்லி அம்பியர் மணி என்று இருந்தது. அந்த அளவு பெட்டரியில் நல்ல கம்பனிக்காரனே 3,500 அளவில்தான் நிற்கிறான். சந்தேகத்தில் நகைக்கடைத் தராசில் வைத்தேன். 31 கிராம். நல்லது 45 கிராமுக்கு மேல் இருக்கும். நகைக்கடைக்காரர் விலை கேட்டுச் சிரித்தார்.

வெளிச்சம் கூடினாலும் நம்மட கலங்கல் தண்ணீரில் ஆகாது. மழைக்காலத்தில் நுவரெலியா ஏறும்போது மூடுபனியில் ஹெட்லைட்டைத் தூக்கிப் போட்டால் என்ன நடக்கும்? முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். சேற்றுத் தண்ணீரிலும் அதுதான். பரந்து விரிகிற வெளிச்சத்தை விடக் குவிந்து போகிற ஒடுங்கிய வெளிச்சம் நல்லது. அதையும் முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். மிகக் கலங்கிய இடத்தில் கயிற்றைப் பிடித்துக் கையால் தடவித்தான் தேட முடியும். அப்போது டோர்ச் எதற்கென்றால், சிலிண்டரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று மீற்றர் பார்க்க, கயிறு எங்கே போகிறதென்று பார்க்க, கூட வந்தவன் எங்கே என்று அறிய. அதாவது தேடப் போனவன் உயிரோடு திரும்பி வர. ஆகவே ஆளுக்கு இரண்டு டோர்ச் வேண்டும். ஒன்று கையில், மணிக்கட்டில் கயிறு மாட்டி. மற்றது ஜெக்கட்டில்.

இப்போது சுழியோடிகளுக்கான டோர்ச் இரண்டு வாங்கியிருக்கிறோம். முதல் மூன்றுக்குமான காசை நான் கையிலிருந்து போட்டுவிட்டேன், கணக்கில் அது இல்லை. புதியதில் அமுக்குகிற பொத்தான் கிடையாது. வெளியே நகர்த்துகிற வளையத்தில் காந்தம் இருக்கிறது, உள்ளே அதை உணருகிற ஒரு சின்னப் பாகம். உடம்பில் ஓட்டையே இல்லாததால் தண்ணீருக்கு அமுக்க ஒன்றுமில்லை. மூடியில் ஒன்றுக்கு இரண்டு ஓ ரிங்.

இவற்றைச் சோதித்த விதம் வேறு. பெட்டரியைக் கழற்றி, உள்ளே டிசு கடதாசி வைத்து மூடி, அரை மணித்தியாலம் வெயிலில் சூடாக்கி, ஐஸ் போட்ட தண்ணீரில் அமிழ்த்தினோம். உள்ளே இருக்கிற காற்று சுருங்கும்போது சின்னக் கசிவு இருந்தாலும் தண்ணீரை இழுத்துக் காட்டிக்கொடுக்கும். முதல் தரமே ஒன்றின் கடதாசி நனைந்திருந்தது. எனக்கு நெஞ்சு விழுந்துவிட்டது. திறந்து பார்த்தால் ஓ ரிங்கில் ஒரு முடி. நரைத்த முடி. என் தாடியைத் தவிர வேறு எங்கிருந்து வரும்? துடைத்து, கூட வந்த சிலிக்கன் கிறீஸை மெல்லிதாகப் பூசி மூடினோம், அடுத்த தரம் காய்ந்தே வந்தது. மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற கிறீஸைப் பூசிவிட வேண்டாம், ரப்பர் பழுதாகலாம். பிறகு அதே காக்காவின் போட்டில் பெட்டரி போட்டு எரிய விட்டு, பத்து பாகத்தில் அரை மணித்தியாலம். இரண்டும் எரிந்துகொண்டே மேலே வந்தன. கடலில் இருந்து வந்ததும் திறக்க முதல் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். தண்ணீர் குடித்த டோர்ச்சை முகத்துக்கு நேரே வைத்துத் திறக்கவே கூடாது. நனைந்த லிதியம் பெட்டரி வாயு விடும், மூடி தெறிக்கும்.

டோர்ச் இரண்டும் சார்ஜ் செய்தபடி பள்ளிவாசல் காரியாலய அலுமாரியில் இருக்கின்றன. திறப்பு முஅத்தினிடம். எந்த ஊராக இருந்தாலும், எந்த மதத்தவராக இருந்தாலும், எந்த நேரமும் கேட்கலாம்.

இந்தப் பதிவைப் போட முதல் பொடியனுக்கு அனுப்பிக் காட்டினேன். இரண்டு நாள் பதில் இல்லை. நேற்று இஷாவுக்குப் பிறகு குரல் பதிவு ஒன்று வந்தது. "சேர், போடுங்க, பிரச்சினை இல்ல. அந்தப் பழைய டோர்ச்ச வீசிடாதீங்க, கரையில பிடிக்க ஆகும். புதுசு ரெண்டையும் எனக்கொருக்கா தாங்க, நானும் இறக்கிப் பார்க்கணும்."